வீடு நிரம்பிவிட்டது

நிறுவனம் கொடுத்த ரூட்டருக்கு நிறுவனமே வைத்த பெயர் ‘இல்லத் தோழன்’. அடிவயிற்றில் ‘திறக்காதே, திருப்பாதே, நகர்த்தாதே’ என்று எழுதி ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த தோழன் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். கூடத்துச் சுவரில், நிறுவனத்து ஆள் மாட்டிவிட்டுப் போன அதே ஆணியில், நாலு பச்சை விளக்கோடு அது உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டுக்கு இணையம் அதன் வழியாகத்தான் வரும். கடையில் நல்லதாக வேறொன்று வாங்கி மாட்டினால், வெளியிலிருந்து வரும் கம்பி அதை யாரென்று தெரியாது என்று சொல்லிவிடும். பெட்டிக்கு உள்ளே போய் எதையாவது மாற்ற ஒரு கடவுச்சொல் உண்டு. வாடிக்கையாளரின் பாதுகாப்புக் கருதி அது வாடிக்கையாளருக்குச் சொல்லப்படுவதில்லை.

வீட்டில் இருந்தவர் ஒரே ஒருத்தர். பாடப்புத்தகம் போடும் அச்சகத்தில் முப்பத்தோரு வருஷமாகப் பிழை திருத்துகிறவர். அங்கே எல்லோருக்கும் அவர் புரூஃப்காரர். நாமும் அப்படியே கூப்பிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். அச்சகம் திடீரென்று தன் கட்டடத்தைக் காலி செய்தது. இனி எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆளுக்கொரு லேப்டாப்பைக் கையில் கொடுத்து அனுப்பியது. ஒன்றாம் தேதிக்குள் அந்த லேப்டாப் வீட்டு இணைப்பில் சேர்ந்தாக வேண்டும். போன் வழியாக இணைத்தால் செல்லாது, பக்கங்கள் கசிந்துவிடுமாம். சேராதவர்கள் தாமாகவே வேலையை விட்டு விலகியதாகக் கருதப்படுவார்கள். அன்று தேதி பதினெட்டு.

புரூஃப்காரர் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தார். பெட்டியின் ஸ்டிக்கரில் இருந்த இணைப்புக் குறியீட்டை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துத் தட்டினார். அவர் தட்டினால் பிழை இருக்காது. சக்கரம் சுற்றியது. நின்றது. திரையில் ஒரு வரி வந்தது.

‘வீடு நிரம்பிவிட்டது. மேலும் சேர்க்க இடமில்லை.’

அவர் தலையைத் தூக்கி வீட்டைப் பார்த்தார். மேஜையைச் சுற்றி நாலு நாற்காலி. மூன்றின் மேல் பழைய புரூஃப் கட்டுகள். பதினான்கு மாதமாக அந்த வீட்டில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் ஒரு துண்டும்தான் புழங்கிக்கொண்டிருந்தன. நிரம்பிய வீடு என்று அதைச் சொல்ல, நிறுவனத்தைத் தவிர வேறு யாருக்கும் வாய் வராது.

போனில் நிறுவனத்தின் செயலியைத் திறந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. பெட்டியில் ஆறு சாதனங்களுக்குத்தான் இடம். ஒருமுறை சேர்ந்த சாதனம் சேர்ந்ததுதான். அணைத்து வைத்தாலும் அதன் இடம் அதற்கே. முதல் இடத்தில் டி.வி. இரண்டாவது அவருடைய போன். மூன்றாவது, வாடிக்கையாளர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா என்று பார்க்க நிறுவனம் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கும் மகிழ்ச்சிமானி. நான்காவது, மகிழ்ச்சிமானி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் இன்னொரு மானி. ஐந்தாவது, நிறுவனம் இலவசமாகக் கொடுத்து அவர் இன்னும் அட்டையைக்கூடப் பிரிக்காத பேசும் கடிகாரம்.

ஆறாவதின் பெயர், ‘என்னோடது. தொடாதீங்க.’

அந்தப் பெயரை வைத்தது அவர் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அங்கே ஒவ்வொரு குப்பியிலும் பெயர் எழுதி ஒட்டி ஒட்டி, வீட்டில் தன் டப்பா, தன் கத்தரிக்கோல், தன் போன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் பெயர் வைப்பாள். பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் வேலைக்குப் போனவள், பரிசோதனைக் கூடத்திலேயே மயங்கி விழுந்தாள். வீட்டுக்குத் திரும்பவில்லை.

பெயருக்குக் கீழே பச்சை எழுத்தில் இருந்தது: ‘வீட்டில் இருக்கிறார். இன்று மாலை 4.10 முதல். சிக்னல்: மிக நன்று.’

அவள் தினமும் வீட்டுக்கு வரும் நேரம் அது. ஆனால் அவள் போன் இந்த உலகத்திலேயே இல்லை. அவள் போன இரண்டாம் மாதம், யாரோ எதையோ சொன்னதைக் கேட்டு, அவரே அதைக் கொண்டுபோய்ப் பழைய மின்சாமான் கடையில் கொடுத்தார். கடைக்காரர், “தகவல் திருடு போகக்கூடாதுல்ல சார்?” என்று சொல்லி, அவர் கண்ணெதிரே சுத்தியலால் நாலு போடு போட்டார். அதில் இருந்த அவள் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம் என்று வீடு திரும்பும் வழியில்தான் அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து தோன்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பார்த்தார். ‘வெளியே சென்றிருக்கிறார். காலை 8.20 முதல்.’ மாலை மேஜையில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தார். நாலு பத்துக்குச் சாம்பல் எழுத்து பச்சையாக மாறியது. ‘வீட்டில் இருக்கிறார்.’

வாசலில் யாரும் இல்லை. எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். இருபது நிமிஷம் வயலின் வாசித்துவிட்டு ஒரு பெண் பேசினாள். இளம் குரல், எழுதிக் கொடுத்ததை ஏற்ற இறக்கம் தவறாமல் படிக்கும் குரல்.

“இல்லத் தோழனின் இனிய வணக்கம் சார். உங்க மகிழ்ச்சிக்கு நான் எப்படி உதவலாம்?”

“ஒரு சாதனத்தை எடுக்கணும்மா. ஆறாவது. என் மனைவியோட போன்.”

“நிச்சயமா சார். கணக்கு அவங்க பேர்ல இருக்கு. அவங்களை லைன்ல குடுங்க சார்.”

“அவங்க இறந்துட்டாங்கம்மா.”

“ரொம்ப வருந்துகிறோம் சார்.” தாள் புரளும் சத்தம் கேட்டது. “அவங்களை லைன்ல குடுக்க முடியுமா சார்?”

“இறந்துட்டாங்கன்னு சொன்னேனே.”

“புரியுது சார். அவங்க ஒத்துக்கிட்டாத்தான் எதையும் எடுக்க முடியும். ஒத்துக்கிறேன்னு அவங்க, அவங்களோட போன்லேர்ந்தே அழுத்தணும்.”

“அந்தப் போனைத்தான் எடுக்கச் சொல்றேன்.”

“ஆமா சார். அதுலேர்ந்து அழுத்தினா அதை எடுத்துடலாம்.” அவள் குரல் சற்றே இறங்கியது. “சார், தப்பா நினைக்காதீங்க. எனக்கு இங்க அவங்க வீட்ல இருக்காங்கன்னு காட்டுது. பக்கத்து ரூம்ல ஒரு தடவை பாத்துட்டு வர்றீங்களா? நான் ஹோல்டு பண்றேன்.”

வயலின் மறுபடி ஆரம்பித்தது. புரூஃப்காரருக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனைச் சுவரில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் நடந்தது இதுதான்: எழுந்து போய்ப் பக்கத்து அறையில் பார்த்தார்.

மகள் வேறு ஊரில் இருந்தாள். கேட்டதும் கொதித்துப் போனாள்.

“என்னப்பா பேசறாங்க அவங்க? நேர்லயே போயி நாலு கேள்வி கேளு. செத்தவங்க பேர்ல என்ன விளையாட்டு? உனக்கு வேலை முக்கியம்ப்பா. வேலையும் இல்லன்னா நாள் முழுக்க அந்த வீட்டுக்குள்ள உக்காந்து என்ன பண்ணுவே?”

“போறேன்மா.”

“சும்மா தலையாட்டிட்டு வந்துடாதே. மேலாளரைப் பாரு.”

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த நாள் மாலை நாலே காலுக்கு அவளே கூப்பிட்டாள். சாப்பாட்டைக் கேட்டாள், முட்டி வலியைக் கேட்டாள். பிறகு, வேறு யாருக்கோ கேட்பதைப் போல, “இன்னிக்கும் காட்டுச்சாப்பா?” என்றாள். காட்டியது என்றார். “சரி” என்றாள். அதற்கு அடுத்த நாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டாள்.

கிளை அலுவலகத்தில் டோக்கன் வாங்க ஒரு டோக்கன் கொடுத்தார்கள். சுவரெங்கும் பல் தெரியச் சிரிக்கும் குடும்பங்களின் படம். ஒவ்வொரு படத்திலும் எண்ணி ஆறு பேர். கீழே பெஞ்சுகளில் சிரிக்காத ஆட்கள் முப்பது பேர் மடியில் சான்றிதழ் உறைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். புரூஃப்காரர் பக்கத்தில் இருந்த அம்மாள், அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“உங்க வீட்ல எத்தனை மணிக்கு?”

அவருக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு சொன்னார். “நாலு பத்து.”

“எங்க வீட்ல காலைல ஆறே கால். மாமியார். பூட்டுப்போட்ட ரூம்ல சிக்னல் நல்லா இருக்குன்னு காட்டுது.” உறையை மடியில் திருப்பி வைத்தாள். “இருந்தப்ப ஒரு நாள்கூட ஆறரைக்கு முன்னாடி எழுந்ததில்லை. அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு.”

முன்வரிசை ஆள் திரும்பினார். அவருக்கு விவாகரத்தாகிப் போன மனைவியின் கணினி. இன்னொருவருக்கு ஓடிப்போன நாயின் கழுத்துப்பட்டை. தினமும் மதியம் அது சோபாவுக்கு அடியில் படுத்திருப்பதாகச் செயலி சொல்லிக்கொண்டிருந்தது. எல்லோரும் தாழ்ந்த குரலில் நேரங்களைச் சொல்லிக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. அலுவலகத்தில் இருப்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாக இருந்தார்கள்.

சுவர்க் கடிகாரம் நாலு பத்தைத் தொட்டது. புரூஃப்காரர் போனைத் திறந்தார். ‘என்னோடது. தொடாதீங்க. வீட்டில் இருக்கிறார்.’ வழக்கம்தான். ஆனால் இப்போதுதான் அவர் இரண்டாவது வரியைக் கவனித்தார். அது அவருடைய போன், அப்போது அவர் கையில் இருந்த அதே போன். அதற்கும் கீழே பச்சை எழுத்தில் ‘வீட்டில் இருக்கிறார்’ என்று இருந்தது. பெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அலுவலகத்துப் பெஞ்சுதான். அப்படியானால் அங்கே அவளோடு இருப்பது யார்?

அவர் முறை வந்தது. மேலாளருக்கு ‘உறவு மேலாளர்’ என்று பலகை. இஸ்திரி குலையாத சட்டை, கண்ணாடி மேஜை, மேஜையில் ஒரு காகிதமும் இல்லை. புரூஃப்காரர் நீட்டிய மரணச் சான்றிதழை அவர் இரண்டு விரலால் வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்தார்.

“நல்லா இருக்கு சார். முத்திரையெல்லாம் சுத்தமா விழுந்திருக்கு. ஆனா ஒரு சின்ன முரண்பாடு. இதுல போன வருஷமே இறந்துட்டாங்கன்னு இருக்கு. எங்க பதிவுல நேத்து வீட்டுக்கு வந்திருக்காங்க.”

“உங்க பதிவு தப்புங்க.”

“எப்படிச் சொல்றீங்க? உங்க சான்றிதழ் ஒரே ஒரு தடவை சொல்லுது. எங்க பெட்டி நானூத்து இருபது தடவைக்கு மேல சொல்லியிருக்கு. எதை நம்பறது?”

புரூஃப்காரர் முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ பிழையைப் பார்த்தவர்தான். இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பிழையை அவர் பார்த்ததில்லை.

உறவு மேலாளர் அவர் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். “மத்த நிறுவனங்களைப் பாருங்க. ஆள் போயிட்டா உடனே பேரை வெட்டிடுவாங்க. மனிதாபிமானமே கிடையாது. நாங்க அப்படி இல்ல. நாங்க ஆரம்பிச்சு பதினெட்டு வருஷம் ஆச்சு, இன்னிக்கு வரைக்கும் எங்க வாடிக்கையாளர் ஒருத்தர்கூட செத்ததில்லை. ஆண்டறிக்கைல அதுக்குன்னே தனிப் பக்கம் இருக்கு, வேணும்னா காட்டறேன். போன வருஷம் எங்க தலைவர் மேடைல பேசும்போது கண் கலங்கிட்டார். ‘வீட்டுக்குள்ள வந்தவங்களை நாங்க வெளிய அனுப்ப மாட்டோம்’னார். கைதட்டல் நிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு.”

“எனக்கு ஒன்னாந்தேதி வேலை போயிடும்ங்க. ஒரு இடம் வேணும். அவ்வளவுதான்.”

“உங்க உணர்வு எனக்குப் புரியுது. அதனாலதான் ஒரு விதிவிலக்கு பண்றேன். எங்க டெக்னீஷியன் நேர்ல வந்து, நாலு பத்துக்கு அவங்க வீட்டுக்கு வரலைன்னு கண்ணால பாத்து எழுதிக் குடுக்கட்டும். அன்னிக்கு அவங்க வந்துட்டாங்கன்னா, நான் ஒன்னும் பண்ண முடியாது. கோவிச்சுக்கக் கூடாது.”

இருபத்தாறாம் தேதி மாலை டெக்னீஷியன் வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, தோளில் கனத்த பை, வெயிலில் கருத்த முகம். முதலில் பெட்டியை நாலு பக்கமும் படம் எடுத்தார். பெட்டியோடு சேர்ந்து நின்று தன்னையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். சிரிக்க வேண்டும் என்பது விதி, சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு படிவத்தை எடுத்தார்.

“கோவிச்சுக்காதீங்க சார். ஒவ்வொரு ரூமா போயி மூணு தடவை கூப்பிடணும். பதில் இல்லன்னு எழுதணும். அப்படித்தான் போட்டிருக்கு.”

“கூப்பிடுங்க.”

டெக்னீஷியன் கூடத்தில் நின்று, “வாடிக்கையாளர் இருக்கீங்களா?” என்று மூன்று முறை கேட்டார். பேனாவால் ஒரு கோடு போட்டார். படுக்கையறை. கோடு. குளியலறைக் கதவைத் தட்டிவிட்டுக் கேட்டார். கோடு. கடைசியாகச் சமையலறை. மணி சரியாக நாலு பத்து. “வாடிக்கையாளர் இருக்கீங்களா?” என்று அவர் மூன்றாவது முறை கேட்டபோது அந்தக் குரலில் அலுவலகம் இல்லை, உண்மையாகவே கேட்கிற குரலாக இருந்தது. ஃபிரிட்ஜ் ஒரு தடவை முனகி நின்றது. இரண்டு வளர்ந்த ஆண்பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பதில் வரவில்லை என்பதில் புரூஃப்காரருக்கு ஏமாற்றமாக இருந்தது, அந்த ஏமாற்றம் அவருக்கே வெட்கமாக இருந்தது.

போனில் எழுத்து பச்சையாகியிருந்தது.

டெக்னீஷியன் அதைப் பார்த்தார். தன் போனைத் தூக்கிப் பைக்குள் போட்டு, பையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். புரூஃப்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க சார். இந்தப் பெட்டிக்கு மறக்கத் தெரியாது. மறக்கிறதுக்கு உள்ள ஒன்னுமே வைக்கலை. மறக்கிற பொத்தான் திரைல இருக்கு, அதுக்குப் பின்னாடி எதுவும் கிடையாது. கணக்குக்காரங்க ஒத்துக்கிட்டா மேலேர்ந்துதான் எடுக்க முடியும்.”

“அப்ப நாலு பத்து?”

“வீட்ல ஆள் குறைஞ்சா மேல மார்க் குறையுது சார். ஆறு இருக்கிற வீடு அஞ்சாச்சுன்னா, எங்க கிளைக்கு ஒரு மார்க் போச்சு. எந்தக் கிளை அதை ஒத்துக்கும்? அதனால பெட்டிக்கு ஒன்னு சொல்லி வச்சிருக்காங்க. குறைஞ்சா, குறையறதுக்கு முன்னாடி இருந்த நாளை எடுத்து அதையே திரும்பத் திரும்ப ஓட்டு. உங்களுக்கும் ஓடுது, அவங்களுக்கும் ஓடுது. ஒரே நாள்தான்.”

“எந்த நாள்?”

“கடைசியா எல்லாரும் வீட்ல இருந்த நாள்.”

அந்த நாள் புரூஃப்காரருக்குத் தெரியும். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை முடித்துக்கொடுக்க அன்று அவர் அச்சகத்துக்குப் போகவில்லை. இதே மேஜையில் உட்கார்ந்து முக்கோணங்களின் கோணத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் நாலு பத்துக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். சமையலறையிலிருந்து அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் தலையைத் தூக்காமல் “ம்” என்றார். அவள் இன்னொரு தடவை சொன்னாள். அதற்கும் “ம்” என்றார். மறுநாள் காலை அவர் எழுவதற்குள் கிளம்பிப் போய்விட்டாள். அவள் என்ன சொன்னாள் என்று பதினான்கு மாதமாக யோசித்தும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை, ஏனென்றால் அது அவர் காதில் விழவே இல்லை.

“இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா நான் பெட்டியையே மாத்திடுவேன் சார்” என்றார் டெக்னீஷியன். “புதுப் பெட்டி காலியா இருக்கும். உங்க வேலையும் நடக்கும்.”

படிவத்தின் தலைப்பு ‘வராமை உறுதிமொழி’. புரூஃப்காரர் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்துகொண்டு படித்தார். ‘மேற்படி நபர் இனி எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் இவ்வீட்டிற்குத் திரும்ப வரமாட்டார் என்றும், அவர் வருவதை நான் விரும்பவில்லை என்றும் மனமார உறுதி கூறுகிறேன்.’

முதல் பாதியை அவர் இரண்டு தடவை படித்தார். இரண்டாம் பாதியின் மேல் பேனாவை வைத்து, எத்தனையோ ஆயிரம் வரியை அடித்த அதே லாவகத்தோடு, அடிக்கப் போனார். டெக்னீஷியன் அவர் கையைப் பிடித்தார்.

“அடிச்சா செல்லாது சார். முழுசா அப்படியே போடணும்.”

“விரும்பலைன்னு எப்படிங்க போடறது?”

“எல்லாரும் அங்கதான் நிக்கறாங்க” என்றார் டெக்னீஷியன். “எங்க வீட்லயும் ஒன்னு இருக்கு. பையன். நானும் இன்னும் போடலை.”

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். படிவத்தில் ‘நிலுவை’ என்று எழுதி, பையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் முழுக்கப் புரூஃப்காரர் யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். ஒரு பக்கம் உத்தியோகம், இன்னொரு பக்கம் நிறுவனத்தின் பொய்க் கணக்கு. ஆனால் சுத்தியலுக்குக் கொடுத்தது போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அவளை ஒரு தடவை அவசரப்பட்டுத் துடைத்தாயிற்று. இரண்டாம் தடவையும் தன் கையாலேயே துடைக்க அவருக்கு மனம் வரவில்லை. பொய்யாகவே இருக்கட்டும், பகல் முழுக்க வெளியே இருந்துவிட்டு மாலையில் அவள் வீட்டுக்கு வருகிற அந்த ஒரு வரி அவருக்கு வேண்டியிருந்தது.

அச்சகத்துக்கு எழுதினார். வீட்டு இணைப்பில் சேர இயலவில்லை, முப்பத்தோரு வருஷத்துக்கு நன்றி, கணக்குப் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் நாற்பத்திரண்டாம் பக்கப் படத்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: ‘தங்கள் இடத்திற்கு வேறொருவர் நியமிக்கப்பட்டுவிட்டார்.’ படத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

மகளிடம் சொன்னார். திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தார்.

“சரிப்பா” என்றாள் அவள். “இருக்கட்டும்.”

இருபத்தொன்பதாம் தேதி, பெட்டி மாட்டிய நாளிலிருந்து நடக்காத ஒன்று நடந்தது. நிறுவனம் தானாகவே போன் செய்தது. வயலின் இல்லை. அதே இளம் குரல்.

“இல்லத் தோழனின் இனிய வணக்கம் சார். உங்க புகாரை வெற்றிகரமா முடிச்சுட்டோம். ஆறாவது சாதனத்தை எடுத்தாச்சு. இப்ப உங்க வீட்ல ஒரு இடம் இருக்கு.”

புரூஃப்காரர் செயலியைத் திறந்தார். ஐந்து வரிதான் இருந்தது. ஐந்தாவது, அட்டை பிரிக்காத கடிகாரம்.

“நான் கையெழுத்துப் போடலையேம்மா.”

“தேவைப்படலை சார். கணக்குதாரரே ஒத்துக்கிட்டாங்க.”

“யாரு?”

“உங்க மனைவி சார். நிலுவைன்னு எழுதின புகாரை எழுபத்திரண்டு மணி நேரத்துல முடிக்கணும்ங்கறது எங்க விதி. அதனால நாங்களே அவங்களைத் தொடர்பு கொண்டோம். இன்னிக்குக் காலைல பதினொன்னு முப்பத்தஞ்சுக்குப் பேசியிருக்காங்க. பதிவு இருக்கு.”

அந்தப் பெண் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கவில்லை, தானே எழுதியதைப் படிக்கிறாள் என்று புரூஃப்காரருக்குத் தெரிந்தது. நேரம் தீர்வதற்குள் கட்டத்தை நிரப்பியாக வேண்டியவர்கள் எதை எழுதுவார்கள் என்று முப்பத்தோரு வருஷமாகப் பார்த்தவர் அவர்.

“திரும்பப் போட்டுடும்மா. எடுக்க வேண்டாம்.”

“போட்டுடலாம் சார், ஒன்னும் பிரச்சினையில்லை. அந்தப் போனை வீட்டுக்குக் கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்துல வச்சா போதும்.”

அவள் காத்திருந்தாள். பின்னால் அவளைப் போல நூறு குரல்கள் நூறு பேருக்கு இனிய வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தன.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்றார் அவர். பொய் என்று தெரிந்துதான் கேட்டார். தெரிந்தும் கேட்காமல் இருக்க முடியவில்லை. “அவ என்னம்மா சொன்னா?”

“யாரு சார்?”

“நீங்க பேசினீங்களே. என்ன சொன்னா?”

விசைப்பலகைச் சத்தம் நின்றது.

“‘சரி, எடுத்துடுங்க’ன்னு சொன்னாங்க சார்.”

“அவ்வளவுதானா? வேற ஏதாவது சொல்லியிருப்பா. நல்லா ஞாபகப்படுத்திப் பாரும்மா. சொல்லியிருப்பா.”

அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, தெரியாது. அவளுக்குக் கொடுத்த தாளில் இதற்குப் பதில் இல்லை.

“வேற ஒன்னும் இல்ல சார்” என்றாள், மிகவும் மெதுவாக. “கொஞ்சம் அவசரத்துல இருந்தாங்க.”

“ஆமா” என்றார் புரூஃப்காரர். “அவ எப்பவும் அப்படித்தான்.”

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அழைப்புக்கு ஒதுக்கிய நேரம் முடிந்ததும் நிறுவனமே அவளை வெட்டிவிட்டு, பதிவு செய்த ஒரு ஆண் குரலைக் கொடுத்தது. எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் வழங்குங்கள் என்றது குரல். புரூஃப்காரர் போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். குரல் இரண்டாம் முறை கேட்டது. மூன்றாம் முறையும் கேட்டது.

“நீங்கள் எதையும் அழுத்தவில்லை” என்றது. “பத்து என்று எடுத்துக்கொள்கிறோம். நன்றி.”